மூட்டுத் தைலம் பற்றிய பிழைதிருத்தம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல் என்று எழுத வேண்டும்தான். ஆனால் எனக்கு இன்று வேறு ஆவல், ஆகவே உங்கள் நலத்தை இந்த ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன் உங்களுக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். குடிபெயர்ந்து போகும்போது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன அந்தப் பெரிய காரின் முன்சீட்டுக் கம்பளத்தை உங்கள் அக்கா மூட்டுவலித் தைலம் சிந்திப் பாழாக்கிவிட்டாள், நீங்கள்தான் கேட்க வேண்டும் என்று. நீங்களும் கேட்டீர்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று பின்சீட்டுக்குப் போனவள்தான், இன்றுவரை முன்னால் வரவில்லை. ஒரு கடை வாசலில் காவலாளி என்னிடம், "டிரைவருங்க எல்லாம் அந்த ஓரமா நிறுத்துங்கப்பா" என்றார். நானும் ஓரமாக நிறுத்தினேன்.

மாப்பிள்ளை, அந்தக் கடிதம் முழுக்கப் பிழை. முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் அடுத்தவர் பிழையைத் திருத்திச் சாப்பிட்டவன் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். போன மாதம் கார் இரண்டாவது கியரை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி என்று பெயர், என்ன மிதித்தாலும் உறுமுகிறதே தவிர ஓடவில்லை. மேட்டில் எங்களை முந்திய சைக்கிள்காரர் ஒருவர் மனசு கேட்காமல் நின்று, "தள்ளணுமா சார்?" என்று விசாரித்தார். பின்சீட்டிலிருந்து உங்கள் அக்கா, "நான் வேணா இறங்கி நடக்கட்டுமா? நீங்க வர்றதுக்குள்ள சமைச்சே வெச்சிடலாம்" என்றாள். நான்கு வருடத்தில் அந்த வண்டிக்குள் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. முதலில் பார்த்த மெக்கானிக், காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கியர் பெட்டியே போச்சு, இனி இதில் கோழி அடைக்கலாம் என்றார்.

பிறகுதான் அந்த மகானிடம் போனோம். வண்டி ஒயரிங் மட்டும் பார்ப்பவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. "பெட்டி நல்லாத்தான் இருக்கு சார். அதுக்குச் சேதி போகலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு முன்சீட்டுக் கம்பளத்தை உரித்தார். அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. எந்த நேரத்தில் எந்த கியர் என்று முடிவு செய்வது அதுதானாம். அது எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "எல்லாம் என் வீட்டுக்காரம்மாவோட மூட்டுத் தைலம்ங்க" என்றேன். பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்கள் அக்கா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் விரலால் தொட்டு முகர்ந்தார். "தைல வாசமெல்லாம் எனக்குத் தெரியல சார். இது கியர் பெட்டி ஆயில்."

"கியர் பெட்டி வண்டிக்கு அடியில இருக்கு. ஆயில் எப்படிங்க மேல வரும்?"

"ஒயருக்குள்ளயே ஏறி வரும். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுதில்ல? கீழ பிளக்குல ரப்பர் வளையம் நைஞ்சிருக்கு. மெதுவாத்தான் ஏறும், அதுக்கு என்ன அவசரம்."

நான் நம்பவில்லை. அவர் ஒரு ஒயரை நறுக்கி, நுனியை வெள்ளைத் தாளின் மேல் வைத்தார். நானும் அவரும் குனிந்து பார்த்தோம். ஒன்றுமில்லை. நான் சிரிக்க வாயெடுத்தேன். அப்போது நுனியில் குண்டூசித் தலையளவு சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது, மாப்பிள்ளை. அத்தனை மெல்லிய ஒயருக்குள், கீழிருந்து மேலாக, வருடக்கணக்கில், யாருக்கும் தெரியாமல் ஏறியிருக்கிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தைலம் தைலம் என்று கத்தியபோதெல்லாம் அது என் பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த மனிதர் இரண்டு நாள் வேலை செய்தார், நான் இரண்டு நாளும் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் வெளுத்துப்போன ஒயர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் தொட்டு, "இது சூட்டைச் சொல்றது, இது மூணாவது கியருக்கு" என்று பெற்ற பிள்ளைகளை அடையாளம் சொல்வது போலச் சொன்னார். கறுப்புப் பெட்டியைத் திறந்து சின்ன பிரஷால் கழுவி, விளக்குச் சூட்டில் காயவைத்தார். புது வளையம், புது ஒயர். கார் இப்போது கியர் மாற்றுவதே தெரியவில்லை. கைகூப்பினேன். அவர் நெற்றிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அங்கேயே, எல்லோர் முன்னாலும், உங்கள் அக்காவிடம் "தப்பு என் மேலதான், மன்னிச்சிடு" என்றேன். அவள், "சரி சரி, வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லி, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

காரைச் சரிசெய்ய ஆள் கிடைத்தார், இதற்கு உங்களை விட்டால் ஆளில்லை. நான் எழுதிய பொய்ப் புகாரை நீங்கள் கிழித்துப் போட்டுவிட்டு, அக்காவை முன்சீட்டுக்கு வரச்சொல்லி இரண்டு வரி எழுத வேண்டும். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் காரை ஓட்டி எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் அக்கா இதை வாங்கிப் படித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான்கு வருடத்துக்கு முன் மூடி சரியாகப் போடாத தைலப் பாட்டில் ஒன்று, அதே முன்சீட்டில், முழுசாகக் கவிழ்ந்ததாம். பின்னால் போனது கோபத்தில் இல்லையாம், பக்கத்தில் உட்கார்ந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதானாம். "நீங்க மன்னிப்புக் கேட்டதும் எப்படிச் சொல்றதுன்னே தெரியலைங்க" என்கிறாள். ஆகவே பழைய கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், இதைக் கிழித்துவிடுங்கள். அக்காவுக்கும் எதுவும் எழுத வேண்டாம். வாசலில் ஹார்ன் அலறுகிறது. முன்சீட்டில் உட்கார்ந்து, எட்டிக் கையை நீட்டி, அவள்தான் அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் போக வேண்டும்.