மரவாத்துக்கு இன்னும் ஒரு கோட்டிங்

கையில் பிரஷ் இருக்கும்வரை எந்த வேலையையும் முடிக்க மாட்டாத ஒரு ரகம் உலகத்தில் உண்டு, பார்த்திருப்பீர்கள். "முடிஞ்ச மாதிரிதான், இன்னும் ஒரே ஒரு கோட்டிங்" என்பார். நம்பிவிடாதீர்கள்!

அமெரிக்காவில் எங்கள் செசபீக் விரிகுடாக் கரையில் இந்த ரகம் மரவாத்தும் கையுமாக இருக்கும். வேட்டைக்குப் போகிறவர்கள் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே பறக்கிற நிஜ வாத்தை 'அட, நம்ம ஆளுங்க' என்று இறங்கவைக்கும் கட்டைப் பொம்மைதான் மரவாத்து. உப்புத் தண்ணீரில் ஊறி, குண்டு பட்டு, வருஷாவருஷம் அதன் நிறம் உரியும். தலைக்குச் சிவப்பு, மார்புக்குக் கறுப்பு, முதுகுக்கு வெள்ளை என்று நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. அறுபது கட்டைக்கு இரண்டு நாள் வேலை. மற்றவர்களுக்கு.

வெண்டல் டைஸுக்கு அப்படி இல்லை. ஜூலையில் படகுக் கொட்டகைக்குள் போனாரென்றால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேய்த்த இடத்தை விரலால் தடவி, தடவிய இடத்தில் குறை கண்டு மறுபடி தேய்த்து, பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறகு இறகாக வரைந்து, போன வருஷத்துச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறதே என்று சுரண்டி எடுத்து, முதுகின் நெளிவு சரியாக வரவேண்டுமென்று ஈரப் பெயின்டில் சீப்பை இழுத்து... யாருடைய சீப்பை?

"ஏங்க, என் சீப்பு எங்க?" என்பாள் அவர் மனைவி லூயெல்லா.

"ஒரு நிமிஷம். வாத்து முதுகுல இருக்கு."

எட்டிப்பார்க்கிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் வேறு. "பளபளப்பு மட்டும் கூடவே கூடாது! நிஜ வாத்து மின்னுமா? மின்னிச்சுன்னா ஒண்ணுகூட இறங்காது." இது கரையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

முப்பது வருஷமாக அவரோடு, வாத்துக் கண்ணில் படாமல், ஒரே நாணல் மறைப்பில் உட்கார்ந்து சுடுகிறவன் நாரிஸ், லூயெல்லாவின் தம்பி. போன மூன்று வருஷமும் வேட்டை தொடங்கும் நாளில் பெயின்ட் காயவில்லை என்று இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். இந்த வருஷம் நாரிஸ் கறாராகச் சொல்லிவிட்டான்.

"மச்சான், முதல் நாள் ஒரு வாத்தாவது இறங்கணும். இல்லேன்னா நான் அடுத்த மறைப்புல இருக்கிற கார்லண்ட் பக்கம் போய் உக்காந்துருவேன், ஆமா."

"முப்பது வருஷம் பக்கத்துல உக்காந்தவன் பேசற பேச்சாடா இது?"

"உக்காந்தேன். பெயின்ட் காயுறத வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்தேன்."

வெண்டலுக்குச் சுருக்கென்றது. நாரிஸ் இல்லாத மறைப்பில் எப்படி உட்காருவது? பன்றிக்கறி வைத்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை யாரிடம் நீட்டுவது? பயந்தே போனார். பயத்தில், நான்கு நாள் முன்னதாகவே அறுபதையும் முடித்துவிட்டார்!

வந்தது வினை. முடிந்த வேலையை வைத்துக்கொண்டு இந்த ரகம் நான்கு நாள் சும்மா இருக்குமா? பார்த்தார். நடந்தார். திரும்பிவந்து பார்த்தார். இத்தனை அழகான இறகுகள் கீறிப்போனால் என்ன ஆவது? மெல்லிசாக, பாதுகாப்புக்காக மட்டும், வார்னிஷ் ஒரே ஒரு கோட்டிங்.

வேட்டையின் முதல் நாள் காலை சூரியன் எழுந்ததும் அறுபது வாத்தும் துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களாக ஜொலித்தன. நாற்பது செந்தலை வாத்துகள் கூட்டமாக வந்தன, இறக்கையை விரித்துத் தாழ்ந்தன, கீழே பார்த்தன, விருட்டென்று மேலே ஏறிவிட்டன. ஏறியவை எங்கே போயின? கூப்பிடு தூரத்தில் கார்லண்ட் மிதக்கவிட்டிருந்த பிளீச் டப்பாக்களுக்கு நடுவில் போய், சொந்த வீடு மாதிரி இறங்கின. காலி டப்பாக்கள்! மேலே கொஞ்சம் தார். கண்கூடக் கிடையாது.

நாரிஸ் குரலை உயர்த்தவில்லை. "மச்சான், வார்னிஷ் அடிச்சியா?"

"லேசாடா..."

நாரிஸ் தன் பங்கு ரொட்டியைப் பலகைமேல் வைத்தான். துப்பாக்கியையும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கார்லண்ட் பக்கம் நடந்தான். வெண்டல் எழுந்து நின்று கத்தினார்.

"நாரிஸ்! டேய், நில்லுடா!"

நாரிஸ் நின்றான். திரும்பினான். பாவம், அவனுக்கும் திரும்பிவர ஆசைதான். 'தப்புதான், வாடா' என்று ஒரு வார்த்தை போதும்.

"அடுத்த வருஷம் பாரு! எல்லாத்தையும் சுரண்டிட்டு மொதல்லேர்ந்து பூசறேன்!"

நாரிஸ் நடந்துகொண்டே இருந்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் மரவாத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவர் இல்லைதான். ஆனால் இன்னும் ஒரே ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று, இந்த வாரம் யாரையோ காத்திருக்கச் சொன்னீர்களே, அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?