நான்தான் இருக்கேனே!

கேட்காமலே உதவி செய்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘வாசித்துக்காட்டி’. இலங்கை மலையகத்தில் எங்கள் அட்டனில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நானுஓயாவில் ரயில் ஏறுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் கையிலிருக்கும் பேப்பரை உங்களுக்கே வாசித்துக் காட்டினால், அவரும் இந்த இனம்தான்.

இதன் பூர்வீகம், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிநிற்கும் தேயிலைத் தோட்டத்து லயம். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தால், எழுத்துத் தெரிந்தவர் வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, நலம் விசாரிப்பில் தொடங்கி மகன் அங்கே யாரோடு சுற்றுகிறான் என்பது வரைக்கும் கடைசிக் காம்பராவுக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். பெற்றவளுக்கு விளங்குவதற்குள் ஊருக்கு விளங்கிவிடும். இப்போதுதான் எல்லோரும் படித்துவிட்டோமே, வாசித்துக்காட்டிகள் அழிந்திருப்பார்கள் என்கிறீர்களா? இல்லை. இன்டர்நெட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

எங்கள் றோலண்ட் அண்ணனைப் பாருங்கள். அட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே கொம்யூனிகேசன் கடை வைத்திருக்கிறார். போன், போட்டோக்கொப்பி, நாலு கம்ப்யூட்டர். காசு மேசையில் அவர் மனைவி பெற்றீசியா அக்கா. அண்ணனுக்குச் சீனி வியாதி. அதனால் அக்காவின் ஒரு கண் காசில், மறு கண் அண்ணனின் வாயில்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அண்ணன் தோட்டத்து இளைஞர்களுக்காக ஒரு வெப்சைட் செய்தார். ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பலாம். ஆனால் அனுப்புகிற செய்தி எழுத்தாகப் போய்ச் சேராது. ரோஜாவும் நீர்வீழ்ச்சியும் போட்ட வாழ்த்து அட்டையாக மாறி, ஒரே படமாகப் போய்ச் சேரும். மூலையில் ஒரு புறா சளைக்காமல் பறக்கும். திறந்தவுடன் புல்லாங்குழல் தொடங்கும், கடையைப் பூட்டினால்தான் நிற்கும். பார்த்தவர்கள் எல்லாம் ‘ஆகா’ என்றார்கள்.

பிறகு சிவதர்சினி அக்கா வந்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. விசேடப் பள்ளியில் படித்து, திரையில் இருக்கிற எழுத்தைச் சத்தமாகச் சொல்கிற மென்பொருளைப் பழகியவர். அதற்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினால், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று தமிழ் பேசுகிற மாதிரி வாசிக்கும். அக்காவுக்கு அது போதும். பயிற்சி வகுப்பொன்றில் பழகிய உடப்புசல்லாவை ஊரைச் சேர்ந்த கோபிசங்கர் இந்த வெப்சைட்டில்தான் அவருக்கு எழுதுவார்.

அக்கா ஹெட்போனை மாட்டினார். துரை பேசினார்: “கிராபிக். கிராபிக். கிராபிக்.” படம், படம், படம் என்று அர்த்தம். பின்னால் புல்லாங்குழல்.

“அண்ணே, ஒரு சின்ன வேலைங்க. செய்திய வெறும் எழுத்தாவே விட்டுருங்க. படத்துக்கும் பட்டனுக்கும் பேரு போடுங்க. அந்தக் குழல நிப்பாட்டுங்க. அப்புறம் நானே வாசிச்சுக்குவேன்.”

“அது எதுக்கும்மா? நான்தான் இருக்கேனே!”

இதுதான் இந்த இனத்தின் கூவல். கதவுக்குப் படியா வைத்திருக்கிறீர்கள், சக்கர நாற்காலி எப்படி ஏறும் என்று கேளுங்கள். தூக்கிவிட நான்தான் இருக்கேனே என்பார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, “‘அன்புள்ள தர்சினி, உங்க சிரிப்புச் சத்தம் இன்னும் காதுக்குள்ளயே இருக்கு’… நல்ல பையன்மா!” என்று வாசிக்க, போட்டோக்கொப்பி மெசின் தானாக நிற்கும். பதிலையும் அவரே அடிப்பார். அக்கா சொல்வது ஒரு வரி. போவது ஒரு பக்கம்.

இப்படியாக, “வீட்ல வந்து பேசுவீங்களா?” என்று அக்கா கேட்டனுப்பிய கேள்வியும் அண்ணன் கைவழியாகவே போனது. ஆகவே அட்டன் முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்தது. அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர்கள்கூட, “வந்துருச்சா?” என்றார்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அது முதலில் தன் காதில்தான் விழவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். இல்லை என்று வந்தால், அத்தனை பேர் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

ஒருநாள், அந்தக் கடையையே சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு செய்தி அனுப்பணும்டா.”

“யாருக்குக்கா?”

“எனக்குத்தான்.”

வேறு கடையில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அனுப்பினோம். மறுநாள் றோலண்ட் அண்ணன் கண்ணாடியைத் துடைத்தார்.

“‘தர்சினி, இது உனக்கு மட்டும்’… அட, ரகசியமாமே!” குரல் உயர்ந்தது. “‘உங்க கொம்யூனிகேசன் அண்ணன் தினம் பேங்குக்குன்னு கெளம்புறது பேங்குக்கு இல்ல, பேக்கரிக்கு. பின்கதவால போயி ரெண்டு கிரீம் பணிஸும்…’”

இந்த இனத்தில் வாய் முதல் பஸ்ஸில் வரும். மூளை அடுத்த பஸ்ஸில். அண்ணன் நின்றார்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க?” காசு மேசையிலிருந்து பெற்றீசியா அக்கா.

“எழுத்து தெரியல…”

“தெரியும், தெரியும். ரெண்டு பணிஸும்?”

“…ஒரு சொக்லட் கேக்கும்.”

“மேல வாசிங்க.”

“ஏம்மா, இது ஒரு மனுசனோட சொந்த விசயம். இதப்போயி கடையில வச்சு வாசிக்கிறதா?”

சிவதர்சினி அக்கா மெதுவாகச் சொன்னார்: “அதத்தாங்கண்ணே நானும் சொல்றேன்.”

பின்கதவில் நின்ற அண்ணனுக்கு அந்தப் பணிஸை பேக்கரிக்கு உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தது யார், அதை அக்காவிடம் சொன்னது யார் என்பதை விடுங்கள்.

அந்த வாரம் முழுக்க அண்ணனுக்குப் பாகற்காய். வாரக் கடைசியில் புல்லாங்குழல் நின்றது. புறா இறங்கியது. செய்திகள் வெறும் எழுத்தாக வந்தன, பட்டனுக்கெல்லாம் பெயர் முளைத்தது. ஒரே ஒரு ரோஜாவை மட்டும் அவரால் விடமுடியவில்லை. அதற்கும் ஒரு பெயர் எழுதி வைத்தார். அக்கா தொட்டுப் பார்க்காத அந்தப் பூவைத் துரை அவர் காதில் சொன்னார்.

“அண்ணே, ரோசாப்பூங்குது!”

“செவப்புன்னும் போட்டிருக்கேம்மா, கேளு” என்றார் அண்ணன். கண்ணாடியை எதற்கோ துடைத்தார்.

கோபிசங்கரின் பதில் வந்தது அதற்குப் பிறகுதான். அக்கா ஹெட்போனை மாட்டினார். மெசின் நின்றது. பெற்றீசியா அக்கா மிச்சக்காசைக் கையிலேயே வைத்திருந்தார். றோலண்ட் அண்ணன் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார், பாவம். அக்கா ஒருமுறை கேட்டார். மறுபடியும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்து, தன் கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என்ன பதில் என்றா கேட்கிறீர்கள்? அக்காவுக்குத் தெரியும். அது போதாதா?

போதாது என்றால் வாருங்கள். றோலண்ட் அண்ணன் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. இந்தப் பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே நான்தான் இருக்கேனே.