பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரி

கோயமுத்தூர்,
ஆகஸ்ட் 1995.

கர்த்தருக்குள் பிரியமான பெரியண்ணா ஞானாபரணம் அவர்களுக்கு,

தங்கை சாராள் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் வாடகை வீடும், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா வெங்கடம்மாளும் சுகம். தாராபுரத்தில் நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உங்கள் முன்னறையில் போன வாரத்திலிருந்து சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காத என் வீட்டுக்காரர் எபினேசரின் சுகத்தை நான் கேட்கவில்லை. கேட்காமலே நீங்கள் நாலு பக்கம் எழுதிவிட்டீர்கள்.

"ஊருக்கெல்லாம் காதல் கதை எழுதுகிறவள், மனந்திரும்பி வந்த சொந்தப் புருஷனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காமல் வாசலோடு அனுப்பலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீர் கொடுத்தேன் அண்ணா. சொம்போடு கொடுத்தேன். குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் என்னை விட்டுப் போனபோது நீங்கள் எனக்கு ஒரு இன்லாண்டு லெட்டர் போட்டீர்கள், "பொறுமையாயிரு" என்று. அவர் திரும்பி வந்ததும் நாலு பக்கத்தில் கவர் வருகிறது, "மன்னித்துவிடு" என்று. பொறுமைக்கு இன்லாண்டு, மன்னிப்புக்குக் கவர். எதற்கு எவ்வளவு தபால் தலை ஒட்ட வேண்டும் என்பது நம் வீட்டு ஆண்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அண்ணிக்கும் படித்துக் காட்டுங்கள். நாலு வருஷத்துக்கு முன் அவர் வேலை பார்த்த மில்லை மூடினதும், மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுத ஆள் கேட்கிறார்கள் என்று ஒரு திங்கட்கிழமை குடையும் ரெக்சின் பையுமாகக் கிளம்பினார். "சனிக்கெழமை வந்தர்றேன் சாராளு" என்று சொல்லித்தான் போனார். நானும் சனிக்கிழமைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். குழம்பு ஊசிப்போனது. மண்டிக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் அம்மணி ஒருத்தர் வீட்டில் சாப்பிடப் போனவர் அங்கேயே தங்கிவிட்ட சேதி, சபையில் எல்லாருக்கும் தெரிந்து கடைசியாக எனக்குத் தெரிந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் "எபினேசர் பிரதருக்கு இன்னும் லீவு கெடைக்கலீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள். தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள். எனக்கு அதுகூடப் பெரிதில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்பதுதான் என்னைத் தின்றது. குழம்பில் உப்புக் கூடினதா, என் சத்தம் கூடினதா, பிள்ளை பிறக்காதது காரணமா என்று யோசித்து யோசித்து, வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடுவேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் வெங்கடம்மாளின் தங்கை மகள் ஹாரிகா, பெங்களூரில் மனோதத்துவம் படித்து முடித்து வந்தாள். என்னை உட்கார வைத்து எல்லாம் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, நீங்க ஒரு லவ் ஸ்டோரி எழுதுங்க. உங்க காதுல என்ன உழோணும்னு ஏங்கறீங்களோ, அதை ஹீரோ வாயில வெச்சு எழுதுங்க. எழுத எழுத ஆறீரும்" என்றாள். புண்ணுக்கு மஞ்சள் பத்துப் போடுவார்கள், காதல் கதையைப் பத்துப் போடுவதை நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். வெளிநாட்டில் எல்லாரும் செய்கிறார்கள் என்றாள். வெளிநாட்டில் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் மறுபேச்சு ஏது? மனசு ஆறாவிட்டாலும் கையெழுத்தாவது திருந்தட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

கோட்டைமேட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அமீர் ஹம்சாவை உங்களுக்குத் தெரியாது. அவர் மகள் என்னிடம் படித்தவள். மாதாமாதம் 'பவளமல்லி' என்று ஒரு காதல் நாவலும் அச்சடித்து பஸ் ஸ்டாண்டுக் கடைகளுக்குப் போடுகிறார். அவரிடம் முதல் கதையைக் கொடுத்தேன். அதில் கதாநாயகன் எட்டாம் பக்கத்தில் ரோட்டைக் கடந்தான், பொள்ளாச்சியிலிருந்து கொப்பரை ஏற்றி வந்த லாரி அவன்மேல் ஏறிவிட்டது. நான் ஏற்றவில்லை அண்ணா, கதை அப்படிப் போனது. அமீர் ஹம்சா வெகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "ஏனுங்க டீச்சர், இது காதல் நாவலுங்க. கதாநாயகன் கல்யாணம் வரைக்குமாச்சும் உசுரோட இருக்கோணுமுங்க." சரியென்று இரண்டாவது கதையில் கல்யாணம் வரைக்கும் விட்டுவைத்து, பந்தியில் பாயசத்துக்குள் பல்லியைப் போட்டேன். மூன்றாவதில் சாகடிக்கக்கூட இல்லை. ஊட்டி ரயிலிலிருந்து விழுந்து இரண்டு காலும் போய், வெளியூருக்குக் கணக்கெழுதப் போக வழியில்லாமல் வீட்டோடு இருந்தான், அவ்வளவுதான். அதையும் பாவம் பார்த்துத் திருப்பிவிட்டார். ஹாரிகாவுக்கு மட்டும் பரம சந்தோஷம், கோபம் வெளியே வருகிறதாம், நல்ல முன்னேற்றமாம். வெங்கடம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டார். "கொன்னாப் பாவம் தின்னாப் போச்சும்பாங்க. நீ கொன்னுபோட்டுத் திங்கறதும் இல்லியே அம்மணி."

நாலாவது கதைதான் அச்சேறியது. அதில் பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி சசிதர், பெண்டாட்டி வசந்தாவை விட்டுப் போகிறான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் திரும்பி வந்து வாசலில் நின்று பேசுகிறான். மழை, நிலா, கண்ணீர் என்று பேச்செல்லாம் கடகடவென்று வந்துவிட்டது. கடைசியில் அவன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. "உம்மேல ஒரு குத்தமும் இல்ல வசந்தா. தப்பு பூரா என்னுதுதான்." அது வரவே மாட்டேன் என்றது. பேனாவை மாற்றினேன், மையை மாற்றினேன், ஜன்னல் பக்கமிருந்த மேஜையைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போட்டேன். ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. கையைத் துடைத்துவிட்டு எழுதினேன். எழுதிவிட்டுப் புளிக் கரைசல் காயக் காய உட்கார்ந்து அழுதேன். அதற்கப்புறம்தான் அண்ணா, ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்தாமல் சொல்ல முடிந்தது. சிரிக்காதீர்கள். கட்டினவர் சொல்லாததை நானே எழுதி நானே கேட்டுக்கொண்டேன், அதில் எனக்குப் பாதி ஆறிவிட்டது.

புத்தகம் நன்றாகப் போனதாம். பின்னட்டையில் என் போட்டோவைப் போட்டுவிட்டார்கள், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்தது, பரீட்சையில் காப்பியடித்த பிள்ளையை முறைக்கிற மாதிரி இருப்பேன். அந்தக் கூச்சத்தில் எனக்கு வந்த புத்தகக் கட்டைப் பிரிக்கவே இல்லை. வெங்கடம்மாள் ஒன்றை உருவிக்கொண்டு போய் இரண்டு தரம் படித்தார். மீதி, கட்டின நூல்கூட அவிழாமல் அலமாரியில் கிடக்கிறது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கிளிப் மாட்டித் தொங்க விட்டிருந்ததை எபினேசர் பார்த்திருக்கிறார். வாங்கிப் படித்திருக்கிறார். அது எப்போது தெரியுமா? மெஸ் நடத்திய அம்மணி மெஸ்ஸை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போன பிறகு. சோறு நின்ற பின்னால்தான் அவருக்கு இலக்கியம் புரிந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர், எபினேசர் கெட்டால் சாராள் வீடு.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னவர் சொன்ன வாக்குத் தவறாமல் சனிக்கிழமைதான் வந்தார், எந்த வருஷம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருந்தார். அதே குடை, அதே பை. நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உங்களுக்கு ஞாபகமிருக்கும், சின்ன வயசிலிருந்து ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் மனப்பாட வசனப் போட்டி என்றால் எபினேசரை யாரும் ஜெயித்ததில்லை. வேதத்தில் ஒரு முழு அதிகாரத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் வாங்குவார். எங்கள் வீட்டில் காசு கொடுத்து வாங்கின டம்ளரே கிடையாது. அதே மாதிரி நின்று என் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எனக்கே ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"சாராள், நீ இல்லாத வீட்டில் கடிகாரம்கூட ஓட மறுக்கிறது" என்றார். நான் இருக்கிற வீட்டில்தான் அண்ணா கடிகாரம் ஓடவில்லை, மேட்டுப்பாளையம் போகும்போது சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "உன் ஒரு துளிக் கண்ணீருக்கு என் தென்னந்தோப்பு முழுவதும் ஈடாகாது" என்றார். இவருக்குத் தோப்பு ஏது, ஒரு கீற்றுக்கூடக் கிடையாது. வசந்தா என்ற பெயரை மாற்றினாரே தவிர வேறு ஒரு சொல்லை மாற்றவில்லை. மாடிப்படியில் வெங்கடம்மாள் நின்று, கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு மூக்கைச் சிந்துகிறார். நானும் அழுதேன் என்று எபினேசர் உங்களிடம் சொன்னாராமே. வாஸ்தவம்தான், அழுதேன். வசனம் நன்றாயிருந்தது, அழுதேன். எழுதினது யார்?

ஆனால் நான் காத்திருந்தது அந்த ஒரு வரிக்கு. மழை போனது, நிலா போனது, இதோ வரப்போகிறது என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது அண்ணா, வெட்கமாயிருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். படித்துச் சொன்னாலும் பரவாயில்லை, என் எழுத்தாயிருந்தாலும் பரவாயில்லை, அவர் வாயிலிருந்து ஒரு தரம் என் காதில் விழுந்தால் போதும் என்று இருந்தது. அவர் நிறுத்திவிட்டார். டம்ளருக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி சிரித்தார். மாடிப்படியில் வெங்கடம்மாள் கைதட்டினார்.

"கடைசி வரியச் சொல்லுங்க" என்றேன்.

"அதுதான் கடைசி வரி சாராளு. ஒரு எழுத்து உடலியே."

ஒரு எழுத்து விடாத ஆள்தான். வேதத்தில் அதிகாரம் அதிகாரமாக ஒப்பிக்கிறவருக்கு ஒரு வரி மறக்குமா? மறக்கவில்லை, தாண்டிவிட்டார். நிலா வரைக்கும் வாய் வந்தது, தப்பு என்னுடையது என்று சொல்ல மட்டும் வரவில்லை. நடிப்புக்குக்கூட வரவில்லை. பையை எடுத்துக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றேன். நம் பக்கத்தில் போ என்று சொல்ல வாய் வராதே, சண்டையிலும் வா என்றுதானே சொல்லித் தொலைக்கிறோம்.

அதனால் அண்ணா, நீங்கள் நாலு பக்கம் எழுதினாலும் நானூறு பக்கம் எழுதினாலும் என் பதில் இதுதான். எனக்கு ஆறிவிட்டது. கதவு மூடியது மூடியதுதான். ஆயரை அனுப்ப வேண்டாம், அண்ணியைப் பேச வைக்க வேண்டாம். மெனக்கெட்டு என் கதையையே எனக்குச் சொல்ல வந்தவர், அதில் எனக்கென்று இருந்த ஒரே வரியைத் தின்றுவிட்டார்.

அண்ணிக்கு என் அன்பு. அவர்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாக வேண்டிக்கொள்கிறேன். உங்கள் விருந்தாளிக்குச் சர்க்கரை வியாதி உண்டு, காப்பியில் இனிப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். கடிகாரச் சாவியை மட்டும் வாங்கி அனுப்பிவையுங்கள். கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும், எபினேசர் அதற்கு இடம் விட்டால்.

இப்படிக்கு,
தங்கை சாராள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்திருக்கிறேன், ஓரம் கிழிந்ததற்கு மன்னிக்கவும். சற்று முன் அமீர் ஹம்சா அடுத்த கதை கேட்டு வந்தார். பேச்சுவாக்கில், "கோவிச்சுக்காதீங்க டீச்சர், உங்க கதை தொண்ணூத்தாறு பக்கத்துல அடங்கல. ஒரே ஒரு வரி வெளிய நின்னுபோச்சுங்க. அந்த ஒத்தை வரிக்கோசரம் இன்னொரு பதினாறு பக்க ஃபாரம் மெஷின்ல ஏத்தோணுமாங்க? எடுத்துப்போட்டேனுங்க. கதை அப்படியே நிக்குதுங்களே, யாரும் ஒண்ணும் கேக்கலீங்க" என்றார். அவர் போனதும் அலமாரிக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறாம் பக்கம் நிலாவோடு முடிகிறது. எதிரே பின்னட்டை உள்பக்கத்தில் மூட்டுவலித் தைலம் விளம்பரம். எபினேசர் ஒரு எழுத்து விடவில்லை அண்ணா.

நான் கையால் எழுதின அந்தக் கடைசித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் படியுங்கள், அண்ணியும் படிக்கட்டும். அவர் கண்ணில் மட்டும் காட்ட வேண்டாம். புஸ்தகத்துல இல்லைன்னா சொந்த வாயிலயும் இல்லாமப் போயிருமா? சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எப்போதாவது அவராக அதைச் சொன்னால், சனிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பஸ் ஏற்றி விடுங்கள். நீங்கள் இரக்கப்பட்டு இந்தத் தாளைக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும். அது என் எழுத்து.