மண்டித் தராசில் அறுபத்து நாலு

தேனி மாவட்டத்திலேயே பகலில் ஒரு வயிறும் ராத்திரியில் வேறொரு வயிறும் வைத்திருந்த ஒரே மனிதன் ராக்கோழிதான். அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் பேராசிரியர்களுக்கு மட்டும் தெரியும். மூன்று வருடம் அவனோடு ஒரே விடுதி அறையில் இருந்தேன். அப்போது தொலைத்த தூக்கம் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் கொட்டாவிதான் வருகிறது.

மெஸ்ஸில் சாயங்காலம் ஒரே ஒரு இட்லியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "பசியே இல்லண்ணே" என்பான். சமையல்கார அண்ணனுக்கு மனசு கேட்காது. "ஏலே, இம்புட்டுத் தின்னா ஒடம்பு எப்புடிடா தேறும்?" என்று வருந்துவார். அதே ஆள் விளக்கை அணைத்ததும் கட்டிலுக்கடியில் தகர டின்னைத் திறப்பான். கம்பத்திலிருந்து அவன் அம்மா அனுப்பிய நேந்திரங்காய் சிப்ஸ். கடக், முடக் என்று அந்தச் சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! பக்கத்து அறைக்காரன் சண்டை போட வந்தான். வந்தவன் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனான். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தான். ஆறே மாதத்தில் எங்கள் வராந்தாவில் எவனுக்கும் பேண்ட் பட்டன் மாட்டவில்லை.

"இப்படித் தின்னு ஏன்டா வெடிக்கிற?" என்று கேட்டால் அவனிடம் ஒரு தத்துவம் இருந்தது.

"ராத்திரி தின்னா ஒடம்புல ஒட்டாது மாப்ள. ஒடம்பும் தூங்குதுல்ல, அதுக்கு எப்புடித் தெரியும்?"

சிக்கல் கபடியில் வந்தது. எங்கள் கல்லூரி அணியில் பாடிப் போய்த் திரும்பி வரத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் போவார்கள், வரமாட்டார்கள். நான் மூன்று வருடமாகக் களத்துக்கு வெளியே துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரன். கம்பத்தில் போட்டி, அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் களத்தில் இறங்க முடியாது. எங்களுக்கு அதுதான் கடைசி வருடம்.

பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். "நீ சும்மாதான உக்காந்திருக்க? போட்டி வரைக்கும் ராத்திரி அவன் வாய்க்குள்ள ஈ, எறும்பு போகக்கூடாது. பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். டின்னைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டினேன். கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டு, கண்ணை மூடாமல் கிடந்தேன். வகுப்பில் நின்றுகொண்டே தூங்கினேன். அவனோ சாதுவாகப் படுத்திருந்தான். ஆனால் அவன் தலையணை மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. சந்தேகப்பட்டு உறையைக் கழற்றினால், உள்ளே பஞ்சு இல்லை. மிச்சம் நாலு அதிரசம்!

பதறிப்போய் அவனை எடை போட இழுத்துப் போனேன். கல்லூரியின் எடை மெஷின் என்றைக்கோ செத்துப்போயிருந்தது. விடுதிக்கு எதிரே வாழைக்காய் மண்டி. தார்களை நகர்த்திவிட்டு அவனைத் தராசில் ஏற்றினோம். அறுபத்து நாலு! கூடவே வந்த சார் தராசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். ராத்திரி தின்பது ஒட்டாது என்ற தத்துவம் உண்மையாகவே இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போட்டியன்று கம்பத்தில் எடை பார்த்தார்கள். அறுபத்தேழு.

சாருக்கு வேர்த்துவிட்டது. "ஏலே, மண்டியில அறுபத்து நாலுதானடா காட்டுச்சு?"

"எங்கப்பா வாழைத்தாரு கொண்டாந்து விக்கிற தராசு சார் அது. வாங்குற மண்டிக்காரன் தராசு என்னிக்கு முழு எடை காட்டிருக்கு?"

"எடுபட்ட பயலே, இத முன்னமே சொன்னா என்ன?"

"யாரு சார் கேட்டாக?"

தலையில் அடித்துக்கொண்ட சார் சுற்றுமுற்றும் பார்த்தார். துண்டோடு நான் நின்றேன். தூக்கம் கெட்டு, கண் குழிந்து, எலும்பும் தோலுமாக இருந்த என்னை எந்தத் தராசு தடுக்கும்? இறக்கிவிட்டார்கள்.

நன்றாகத் தோற்றோம். ஆனால் ஒரு தடவை, "போடா மாப்ள, எடதுபக்கம், எடதுபக்கம்!" என்று கோட்டுக்கு வெளியே அவன் தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டு, இடதுபக்கத்துக்காரனைத் தொட்டுவிட்டு ஓடிவந்து விழுந்தேன். ஒரே ஒரு பாயிண்ட். ராக்கோழி உள்ளே பாய்ந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினான். நடுவர் இரண்டு பேரையும் திட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான். நான் முகம் கொடுக்கவில்லை.

"கோவிச்சுக்காத மாப்ள. கடைசி வருசம், நீ ஒரு தடவையாச்சும் உள்ள எறங்கணும்ல? அதுக்குத்தான் தின்னேன்."

பச்சைப் பொய். எனக்குத் தெரியும். பஸ் வீரபாண்டி தாண்டுவதற்குள் அவன் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன். அலுவலகம், வீடு, டாக்டர் சொன்ன பத்தியம் என்று அலுத்துப் படுக்கிற இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். உனக்காக இரண்டு கிலோ ஏறினேன் என்று என்னிடம் சொல்ல, பொய்யாகவாவது, அவன் ஒருத்தன்தான் இருந்தான்.