சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது

ராஜபாளையம்,
14.6.1992

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு, மாமனார் காசிராஜன் எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவது வழக்கம். உங்கள் புண்ணியத்தில் இந்தத் தடவை அது உண்மையாகவும் இருக்கிறது. மெட்ராஸில் நீங்களும் மகள் சண்முகத்தாயும் தண்ணீர்க் கஷ்டம் இல்லாமல் இருக்க வருணபகவான் மனது வைக்கட்டும்.

தாங்கள் பார்சலில் அனுப்பிய கேன்வாஸ் ஷூ வந்து சேர்ந்தது. காலுக்குக் கொஞ்சம் பெரிது. நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டேன். ஆயுசு முழுக்க ஸ்பின்னிங் மில்லில் கிடந்தவன் வீட்டில் பஞ்சுக்கு என்ன குறை?

மில்லைப் பூட்டியதிலிருந்து நான் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. எங்கள் மில் சங்கு ஊதாமல் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது என்பதே பிடிபடவில்லை. திறப்பார்கள் என்று ஒருத்தர் சொல்வார், மாட்டார்கள் என்று இன்னொருத்தர் சொல்வார், நான் இரண்டு பேருக்கும் தலையாட்டுவேன். சித்திரையில் வந்த மகள் என்னைப் பார்த்துவிட்டு அழுதாள். தாங்கள்தான், "எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிருவோம் மாமா" என்றீர்கள். அடுக்களையில் கைக்கு அகப்பட்ட பாட்டிலில் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். லேப்காரர் அதை நீல மருந்தில் விட்டுச் சூடு காட்டினார். செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. "அண்ணாச்சி, இம்புட்டு சீனிய வச்சிக்கிட்டு எப்படி நடமாடுதிய?" என்றார். நான் எங்கே நடமாடினேன், நாற்காலியில் அல்லவா இருந்தேன்.

பிறகுதான் தங்கள் கடிதம் வந்தது. விடிகாலையில் நடக்க வேண்டும், இனிப்பைத் தொடக் கூடாது, நாலு பேரிடம் கலகலப்பாகப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்றும் அருமையான யோசனைகள். ஆனால் நம் ஊரில் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

தெருமுனை தாண்டவில்லை, பக்கத்துத் தெரு ஞானதுரை மொபெட்டை நிறுத்தினார். "என்ன அண்ணாச்சி, பஸ் கிடைக்கலியா? ஏறுங்க" என்றார். உடம்புக்காக நடக்கிறேன் என்றேன். "உடம்புக்கு முடியலன்னா நடக்கலாமா? ஏறுங்க, ஆஸ்பத்திரியிலயே விட்டுருதேன்" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் திரும்பி நடந்தால், வழியில் என் சித்தப்பா மகள் முத்துப்பேச்சியின் வீடு. "வாசல் வழியாப் போயிட்டு உள்ள வராமப் போறீகளே, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கண் கலங்கினாள். உள்ளே போனேன். காப்பி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவும் இலையில் வந்தது. கூடப் பிறக்காவிட்டாலும் தங்கச்சி, வேண்டாம் என்று எப்படிச் சொல்ல? அடுத்த நாள் தெருவை மாற்றினேன். அந்தத் தெருவில் அவளுடைய சம்பந்தி வீடு. அங்கே கேசரி. இப்படியே போனதில் உடம்பு இளைக்கவில்லை, வேட்டிதான் இறுகியது. அதற்குள் குழாயடியில் வேறு பேச்சு. காசிராஜன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு விடிகாலையிலேயே வெளியேறுகிறான், இந்த வயதில் ஷூ வேறு போட்டிருக்கிறான் என்று.

இதைக் கேட்டுவிட்டு உங்கள் அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். "நாளைலருந்து நானும் வாரேன்" என்றாள்.

எங்கள் கல்யாணத்திலிருந்து அவள் என் பின்னால்தான் நடப்பாள். அதுதான் வழக்கம். முதல் நாள் அப்படித்தான் வந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் என் வாய் அசைவது தெரியவில்லை என்று மறுநாள் முன்னால் போனாள். முன்னால் போனால் நான் எந்த வீட்டுக்குள் நுழைகிறேன் என்று தெரியவில்லையாம். அதனால் மூன்றாம் நாள் பக்கத்திலேயே நடந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் கால் பின்னியது. அவளுக்கு ஒன்றும் இல்லை. யார் காப்பிக்குக் கூப்பிட்டாலும், "அவியளுக்குச் சீனி, ஆகாது" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போனவன் நான். நான் வரும்போது அவள் தூங்கியிருப்பாள், அவள் எழும்போது நான் தூங்கியிருப்பேன். என்னிடம் சொல்ல அவளுக்கு இவ்வளவு பேச்சு சேர்ந்து கிடந்தது இப்போதுதான் தெரிகிறது. முந்தாநாள் திடீரென்று சொன்னாள்: "நீங்க அந்த நாற்காலியில கெடக்கையில, செத்த நேரத்துக்கு ஒருக்க வந்து மூச்சு வருதான்னு பாத்துட்டுப் போவேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "சீனி எறங்கட்டும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்தே வாரோம்னு ஆண்டாளுக்கு நேந்திருக்கேன்" என்றாள்.

மில் திறக்குமா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ராத்திரி உறக்கம் வருகிறது, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது, பசிக்கிறது. இதெல்லாம் தாங்கள் செய்த உபகாரம். மாப்பிள்ளையிடம் நேரில் நின்று நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுத்தில் சொல்கிறேன். தாங்களும் மகளும் பல்லாண்டு பக்கத்தில் பக்கத்தில் நடந்து வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
பெ. காசிராஜன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு விஷயம். நேற்று புதுப் பாட்டிலில் கொண்டுபோய் மறுபடி டெஸ்ட் செய்தேன். இந்தத் தடவை நீல மருந்து நீலமாகவே நின்றது. லேப்காரர் திகைத்துப்போய், "மொதத் தடவ எதுல கொண்டாந்திய அண்ணாச்சி?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பழைய பாட்டிலைத் தேடினேன். மூடியைச் சுற்றி எறும்பு. கூமாப்பட்டியிலிருந்து வந்த மலைத்தேன் இருந்த பாட்டில். நான் கழுவவில்லை. ஆக, செங்கல் நிறம் தேனுடையது, எனக்குச் சர்க்கரை என்றைக்குமே இல்லை. இதை உங்கள் அத்தையிடம் தயவுசெய்து மூச்சு விட வேண்டாம். தெரிந்தால் நாளைக் காலையில் நான் தனியாகத்தான் நடக்க வேண்டும். ஆண்டாளையும் ஏமாற்றக் கூடாது. அதனால் உங்கள் அத்தை பெயருக்கே ஒரு கடிதம் போடுங்கள். சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நடக்க அது போதும். முழுக்க இறங்கிவிட்டது என்று எழுதினால், திரும்பி வரும்போது அவள் பஸ்ஸில் ஏறிவிடுவாள்.