நாலாவது ஆளைக் காணோம்

தான் பார்க்கும் உத்தியோகம் என்னவென்றே தெரியாமல் ஒருவன் மூன்று மாதம் வேலைக்குப் போய்வர முடியுமா? முடியும். நான் போயிருக்கிறேன், அதுவும் இஸ்திரி போட்ட சட்டையில்.

செந்தூலில் ஒரு கொண்டோமினியம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துப் போவேன். வேலைக் கடிதம் ஆறு பக்கம். கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் படித்தேன். (படித்தேன் என்பதே அதிகம். கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.) முதல் நாள் என் பெயர் ஒட்டிய பச்சை ஹெல்மட்டைக் கொடுத்தார்கள். இன்ஜினியர், சூப்பர்வைசர் எல்லாம் வெள்ளை, தொழிலாளிகள் மஞ்சள். டிப்ளோமா படித்த எனக்குப் பச்சையா? ஸ்டாக் தீர்ந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, சொந்தமாக ஒரு வெள்ளை ஹெல்மட் வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசர் வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா எங்கள் தாமானில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

என் வேலை, வயரிங் போடும் லிம் அங்கிளோடு இருப்பது. அவர் செய்வதை நாள் முழுக்கப் பார்ப்பேன். நடுவில் பிளையரை என் கையில் கொடுத்து, "நீ செய்" என்பார். மேலதிகாரிக்கு வேலை தெரியுமா என்று சோதிக்கிறார் போலும் என்று நினைத்துச் செய்து காட்டுவேன். "பரவாயில்ல" என்பார். கிழவருக்கு எவ்வளவு திமிர் என்று தோன்றும்.

அந்தக் கட்டடத்துக்கு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்திருந்தது. பதிலுக்கு, சைட்டில் நான்கு பேருக்காவது தொழில் கற்றுத்தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒருநாள் காலை சீனியர் சூப்பர்வைசர் குணா அண்ணன் போனில் பதறினார்.

"தம்பி, ஆபீசர் வந்துட்டாங்க. அப்ரெண்டிஸ் நாலு பேரையும் ஆபீஸ் கெபினுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு ஆளு கொறஞ்சாலும் சலுகை போச்சு, இந்த சைட்டும் நம்ம கைய விட்டுப் போச்சு!"

அப்ரெண்டிஸ்கள் போடும் பச்சை ஹெல்மட்டுகளை எண்ணினேன். மூன்று. வலமிருந்து எண்ணினாலும் மூன்று. (எனக்கும் ஒரு பச்சை ஹெல்மட் இருப்பது அப்போது நினைவுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.)

"நாலாவது ஆளு எங்கடா?" என்று அவர்களில் ஒருவனான அருணைக் கேட்டேன்.

"நாங்க மூணு பேருதான்ண்ணே. நீங்க பசியாறிட்டீங்களா, இல்லையா?"

கழிப்பறை, மொட்டைமாடி, லிஃப்ட் குழி எல்லாம் தேடினேன். குணா அண்ணன் போனை எடுக்கவில்லை. ஓடிப்போய் கேன்டீன் நடத்தும் சரோஜா அக்காவின் கையைப் பிடித்தேன். அக்காவுக்கு ஐம்பது வயது.

"அக்கா, அஞ்சே நிமிசம் அப்ரெண்டிஸா வந்து நில்லுங்க."

"எண்ணெயில மீனு கெடக்கு லா!"

என் லாக்கரில் சும்மா கிடந்த பச்சை ஹெல்மட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்த்து, இழுத்துக்கொண்டு போனேன்.

கெபினில் ஆபீசர் அம்மா பட்டியலைப் பார்த்தார். அக்காவின் ஹெல்மட்டைப் பார்த்தார்.

"உங்க பேரு தினேஷா?"

"ஆமாங்க மேடம்," என்றார் அக்கா. என்ன விசுவாசம்!

"அது என் பேரு மேடம்," என்றேன். "நான் இங்க சூப்பர்வைசர்."

அவர் பட்டியலை என் பக்கம் திருப்பினார். நான்காவது பெயர் என்னுடையது. பக்கத்தில் வயரிங் அப்ரெண்டிஸ் என்று இருந்தது. இரண்டு தடவை படித்தேன். அப்போதும் வேறு தினேஷ் யாராவது இருப்பானோ என்று திரும்பிப் பார்த்தேன்.

குணா அண்ணன் வாய் பிளந்தார். "நீ அப்ரெண்டிஸாடா? வெள்ள ஹெல்மட்டப் பாத்து, ஹெட் ஆபீஸ் அனுப்பின ஆளுன்னுல்ல நெனச்சேன்! மூணு மாசமா 'வாங்க, போங்க'ன்னு..."

ஆபீசர் அம்மா சிரிக்கவில்லை. "இது ஆள்மாறாட்டம். நீங்கதான் தினேஷ்னா, இங்க என்ன கத்துக்கிட்டீங்கன்னு காட்டுங்க," என்று ஒரு சுவிட்ச் பெட்டியையும் பல்பையும் என் முன்னால் வைத்தார். சைட்டே என் விரலில் தொங்கியது. கெபின் வாசலில் நின்றிருந்த லிம் அங்கிள் கொடுத்த பிளையரை வாங்கி, வயரைச் சீவி, திருகி, சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது.

"பரவாயில்ல," என்றார் லிம் அங்கிள். அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது. மேற்பார்வை பார்ப்பதாக நினைத்து மூன்று மாதமும் தொழில் கற்றிருக்கிறேன்!

சலுகை தப்பியது. மீன் கருகியது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதை ஒரு வரி விடாமல் படித்தேன்.

இன்று எனக்கு வயரிங் லைசென்ஸ் இருக்கிறது, மனைவியும் இருக்கிறாள். வீட்டில் நான் எதை எண்ணிச் சொன்னாலும், "உங்களச் சேத்தா, சேக்காமயா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவாள். போன வாரம் மாமியார் பிறந்தநாளுக்குக் கேட்க மறந்துவிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் ஒன்பது நாற்காலி சொல்லி வைத்திருந்தேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நான் மட்டும் வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்றேன்.

பக்கத்து மேசைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாஸ், ரெண்டு தே தாரிக்," என்றார்.

போய் இரண்டு டீயையும் கொண்டுவந்து கொடுத்தேன்.