முட்டைமேல் முப்பத்தாறரை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள், இருங்கள். என் சுகத்தைத்தான் போன மாதம் போனிலேயே முடித்துவிட்டீர்களே.

எட்டாவதோடு படிப்பை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவன் நான். படித்த உங்களை எதிர்த்துப் பேச வாய் வராது, அதனால் எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவனுக்கு முட்டை விஷம் என்று எவனோ எழுதியதை, எவன் என்றுகூடப் பார்க்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டீர்கள். முப்பது வருடமாக என் பேச்சைக் கேட்காத உங்கள் அத்தை, "மாப்பிள்ளை சும்மா சொல்லுவாரா?" என்று மறுநாளே எனக்கு அவித்த முட்டையை நிறுத்தி, வாராவாரம் வீட்டுக்கு வரும் பன்னிரண்டு முட்டைக்கும் என் சாக்கட்டியாலேயே வரிசையாக நம்பர் போட ஆரம்பித்தாள்.

"என்னடி, முட்டையா ஜெயில் கைதியா?"

"திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கானே."

ஒரு மாதம் பொறுத்தேன். நேற்று அவள் வெளியே போன நேரம் ஏழாம் நம்பரை அவித்துத் தின்றுவிட்டு, வேறொன்று வாங்கித் தையல் கடையில் வைத்து நம்பர் எழுதினேன். அதுவரை புத்திசாலிதான். ஆனால் ஒருவருக்குப் பேண்ட் அளவு எடுத்துக்கொண்டே எழுதினேன். பழகிய கை அவருடைய இடுப்பளவை முட்டைமேல் எழுதிவிட்டது. அதைப் பார்க்காமலே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் உங்கள் அத்தை முட்டையும் கையுமாக நின்றாள். "ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல முப்பத்தாறரை எங்கேருந்து வந்துச்சு? முட்டையை நிறுத்தியும் சர்க்கரை ஏறிக்கிட்டே போச்சே, இப்பதான் புரியுது. தினம் திருடித்தான் தின்னுருக்கீங்க."

திருடியது ஒன்று, பழி முப்பது. வந்த ஆத்திரத்தில் அவளையே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "முட்டையில மாவுச்சத்து ரொம்பக் கம்மிம்மா, சர்க்கரையை இப்படி ஏத்தாது. இவருக்குக் கொழுப்பும் சரியாத்தான் இருக்கு. தினம் ஒண்ணு அவிச்சுக் குடுங்க, பொரிக்க வேண்டாம்" என்றார். கேட்டுக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முட்டை நின்னப்புறம் காலைப் பசிக்கு என்ன பண்றீங்க?"

"டீதான்" என்றேன். உங்கள் அத்தை நம்பாமல் பார்த்த பார்வைக்கு இஸ்திரிப் பெட்டியே வேண்டாம், சட்டை பொசுங்கும்.

ஆகவே, வெட்டின பிறகு அளவெடுக்காதீர்கள். இனி எதையும் அனுப்பும் முன் ஒரு டாக்டரைக் கேளுங்கள். பேத்திக்கு முத்தம், மகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, என் கோபம் ஆறட்டும்.

இப்படிக்கு,
முட்டையை மீட்ட மாமனார்

பி.கு.: டீ என்று சொன்னது முழுப் பொய் இல்லை. முட்டை நின்ற நாளிலிருந்து டீயோடு தினம் இரண்டு கிரீம் பன். டாக்டரம்மா கேட்டபோதே சர்க்கரை ஏறிய வழி எனக்குத் தெரிந்துபோயிற்று. திங்கட்கிழமை முதல் விட்டுவிடுகிறேன். அதற்குள் பன்னைப் பற்றி உங்களுக்கு ஏதாவது செய்தி வந்தால் டாக்டரைக் கேட்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், அழித்துவிடுங்கள்.